வாந்தி மருந்து: கொடுக்கும் முன் ஒரு கேள்வி

முப்பது ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். வாந்தியை நிறுத்தும் மருந்துகளைப் பற்றி இம்மலரில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். 'ஓர் ஊசி போட்டால் நின்றுவிடும்' என்றுதான் பலரும் எண்ணுகிறோம். பணியில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் எண்ணினேன்.

ஓர் இரவு, ஓயாமல் வாந்தியெடுத்த இளம்பெண்ணுக்கு மருத்துவர் எழுதியபடி மெட்டோகுளோபிரமைட் ஊசி போட்டேன். 'மேக்சோலோன்' என்றால் பலருக்குத் தெரியும். வாந்தி நின்றது. சில மணி நேரத்தில் அவள் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண்கள் மேலே செருகின. தாயார் பதறிப்போய், "பிள்ளைக்குக் காத்து கருப்பு பட்டிருச்சு மிஸ்ஸி, பூசாரியைக் கூட்டிட்டு வரேன்" என்றார்.

காரணம் நான் போட்ட ஊசி. மூளையில் டோப்பமின் என்னும் பொருளின் வேலையைத் தடுத்தே அம்மருந்து வாந்தியை நிறுத்துகிறது. தசைகளின் அசைவைச் சீராக வைப்பதும் அதே பொருள்தான். ஆகவே சிலருக்கு, குறிப்பாக இளவயதினருக்கு, தசைகள் இப்படி இறுகிவிடும். மாற்று மருந்து கொடுத்ததும் அவள் தேறினாள். "முன்னே ஒரு கிளினிக்கிலும் இப்படித்தான் ஆச்சு" என்று தாயார் பிறகு சொன்னார். ஊசிக்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அன்று முதல் கேட்காமல் கொடுத்ததில்லை. முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா? பார்க்கின்சன் நோய் உண்டா? இருந்தால் இம்மருந்து ஆகாது. வயிறு உப்பி, காற்றும் மலமும் போகாமல் இருக்கிறதா? அது குடல் அடைப்பாக இருக்கலாம்; உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நரம்பில் போடும்போது குறைந்தது 3 நிமிடங்கள் மெதுவாகச் செலுத்த வேண்டும்; 5 நாட்களுக்கு மேல் தொடரக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அறிவுறுத்தியது.

மற்ற மருந்துகளுக்கும் கவனம் தேவை. ஒண்டான்செட்ரோன் தலைவலியும் மலச்சிக்கலும் தரலாம். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புரோமெத்தசின் தூக்கம் தரும். அதை உண்ட முதியவரைத் தனியே கழிப்பறைக்கு அனுப்பாதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

அந்தத் தாயாரிடம் மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, மகளின் அடையாள அட்டையோடு வைக்கச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் யாருக்கேனும் ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், இன்றே அப்படி எழுதி வையுங்கள். தாதி கேட்க மறந்தாலும் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.