வயிற்றுப் புள்ளியின் விலை

பாப்கேட் தோலை மேசைமேல் போட்டால் தோல் வியாபாரி முதுகைப் பார்த்து விலை சொல்வதில்லை. வயிற்றைத்தான் பார்ப்பார். வயிறு நல்ல வெள்ளையாக இருக்க வேண்டும். அந்த வெள்ளை அகலமாக ஓட வேண்டும். அதன்மேல் கரும்புள்ளிகள் ஓரம் கலங்காமல் விழுந்திருக்க வேண்டும். மயிர் நீளமாக, மெத்தென்று இருந்தால் விலை இன்னும் ஏறும். நெவாடா, மொன்டானா, வயோமிங் போன்ற அமெரிக்க மேற்கு மாநிலங்களின் குளிர்ந்த, வறண்ட மேட்டுநிலத்தில் வளரும் விலங்குகளுக்கே பெரும்பாலும் இந்த லட்சணம் வாய்க்கும். ஃபுளோரிடாவின் சதுப்பில் பிடிபட்ட பாப்கேட்டுக்கு மயிர் குட்டை, நிறமும் அழுத்தமான பழுப்பு. அதற்குக் கிடைப்பது சொற்பம். இனம் ஒன்றுதான். ஆனாலும் பிறந்த மண்ணைப் பொறுத்து விலை பல மடங்கு மாறியது.

தமிழ் வாசகர்களில் பலர் இந்த விலங்கைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். லிங்க்ஸ் குடும்பத்தில் சிறியது பாப்கேட். கனடாவின் தெற்குப் பகுதியிலிருந்து மெக்சிகோவின் வாஹாக்கா வரை பரவியிருக்கிறது. வீட்டுப் பூனையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு பருமன். பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீளம் என்பதால் நடக்கும்போது இடுப்பு சற்றே தூக்கலாகத் தெரியும். கன்னத்தில் மீசைக்காரரின் கிருதாபோல் மயிர் இறங்கும். காதின் பின்புறம் கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. வால் வெட்டுப்பட்டதுபோல் குட்டையாக இருக்கும், அதன் நுனியில் மேற்பக்கம் மட்டும் கறுப்பு, அடிப்பக்கம் வெள்ளை. அதன் உறவான கனடா லிங்க்ஸுக்கு வால்நுனி முழுவதும் மையில் தோய்த்ததுபோல் கறுப்பாக இருக்கும். இரண்டும் வாழும் வடக்கு மாநிலங்களில் அனுபவமுள்ளவர்கள் முதலில் பார்ப்பது இந்த வால்நுனியைத்தான்.

மற்ற அடையாளங்கள் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். வடக்கே போகப் போக உடல் பெருக்கும். நன்கு வளர்ந்த வடகிழக்கு ஆண் பதினைந்து கிலோவைத் தொடலாம், தெற்கத்திப் பெண் ஆறு ஏழு கிலோவில் நின்றுவிடும். பாலைவனத்து விலங்கு வெளிறிய மணல் நிறம், அடர்காட்டு விலங்கு கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு. அதே விலங்கு கோடையில் சிவந்தும் பனிக்காலத்தில் சாம்பல் பூத்தும் இருக்கும். உடல் முழுக்கப் புள்ளி நிறைந்தவையும் உண்டு, முதுகில் ஒன்றுமே தெரியாமல் கால்களின் உட்புறத்தில் மட்டும் பட்டை ஓடுபவையும் உண்டு. ஃபுளோரிடாவில் முழுக்கறுப்பு பாப்கேட்டுகள் அவ்வப்போது அகப்பட்டிருக்கின்றன. நல்ல வெயிலில் பார்த்தால் அந்தக் கறுப்புக்குள்ளும் புள்ளிகள் தெரியும்.

அரை நூற்றாண்டுக்கு முன் இந்த வேறுபாடுகளை மிகக் கூர்ந்து கவனித்தவர்கள் தோல் சந்தைக்காரர்கள். 1960களில் சில டாலருக்குப் போன தோல் அது. 1973இல் அமெரிக்காவின் அழிநிலை உயிரினச் சட்டம் வந்தது, 1975இல் அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. சிறுத்தை, ஜாகுவார், ஓசலாட் தோல்களின் இறக்குமதி அடைபட்டது. புள்ளித்தோல் மேலங்கி கேட்ட நாகரிகம் மட்டும் நிற்கவில்லை, அதன் பார்வை உள்நாட்டுப் பூனைமேல் திரும்பியது. 1970களின் இறுதியில் நல்ல மேற்கத்தித் தோல் நூறு டாலரைத் தாண்டிவிட்டது. தூரதேசத்துப் பூனைகளைக் காக்க வந்த சட்டம் வாசலில் இருந்த பூனையைப் பொறிக்குள் தள்ளியது. 1977இல் பாப்கேட்டும் சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்து ஏற்றுமதிக்குக் கணக்கு வந்தது, ஆனால் வேட்டை நிற்கவில்லை.

காட்டில் பொறி வைத்தது போதாமல் பண்ணையிலும் வளர்த்தார்கள். கம்பிவலைக் கூண்டுகளில் அடைத்து, வெளுத்த வயிறும் தெளிந்த புள்ளியும் உள்ளவற்றைத் தேர்ந்து சோடி சேர்த்தார்கள். செல்லப்பிராணிச் சந்தைக்கும் இத்தகைய பண்ணைகளிலிருந்து குட்டிகள் போயின. தோலுக்காக வளர்ப்பவர், ஆசைக்காக வாங்குபவர் என்று இரண்டு தனி உலகங்கள் இருந்ததாக இன்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒரே ஈற்றின் ஒரு குட்டி மேலங்கிக்கும் இன்னொன்று வரவேற்பறைக்கும் போகக்கூடிய காலம் அது.

அயல்பூனை வளர்ப்பு அப்போது மறைத்துச் செய்ய வேண்டிய காரியமாக இருக்கவில்லை. 1950களில் லாங் ஐலண்ட் ஓசலாட் கிளப் என்று ஒரு சங்கமே தொடங்கி, செய்திமடல் போட்டு, உறுப்பினர் சேர்த்தது. அதற்கும் பல ஆண்டுகள் முன்பே ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜுக்கு ஸ்மோக்கி என்ற பாப்கேட்டைப் பரிசாகவே அனுப்பினார்கள், அது பின்னர் வாஷிங்டன் உயிரியல் பூங்காவுக்குப் போயிற்று.

குட்டியைப் பழக்கும் முறை எளியது, கொடியது. கண் திறக்கும் சமயத்தில், அதாவது பிறந்து பத்து நாள் வாக்கில், தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். புட்டிப்பாலில் வளரும் குட்டி மனிதக் கையைத் தாய் என்று நம்பும். காட்டில் அந்தக் குட்டி எட்டுப் பத்து மாதம் தாயோடு திரிந்து வேட்டை கற்றிருக்கும். இங்கே சோபாவின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். நீலக் கண், பெரிய பாதம், காதுநுனியில் கறுப்புக் குச்சம் எல்லாம் சேர்ந்து பார்ப்பவரை மயக்கிவிடும்.

சமையலறையில் கிடைப்பதுதான் தீனி. எலும்பு நீக்கிய கோழியும் அரைத்த மாட்டிறைச்சியும் போட்டால் பூனைக்குப் போதும் என்று நம்பினார்கள். வெறும் சதையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டி தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். சில வாரங்களில் கால் வளையும், குதித்து இறங்கினாலே எலும்பு முறியும். டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயத்தசை தளர்ந்துபோகும் என்பது 1987இல்தான் உறுதியானது. அதற்கு முன் வளர்ந்தவற்றுள் எத்தனை அப்படி மடிந்தனவோ. எலியோ முயலோ முழுதாகத் தின்றிருந்தால் எலும்பும் ஈரலும் இதயமும் சேர்ந்தே கிடைத்திருக்கும்.

அடுத்தது நகம். பூனையின் நகத்தைப் பிடுங்குவது என்றால் நகத்தை மட்டும் எடுப்பதல்ல, ஒவ்வொரு விரலின் கடைசிக் கணுவையும் வெட்டி எடுப்பது. பத்துக் கிலோ விலங்கு வாழ்நாள் முழுக்க அந்த மொட்டை விரல்களில் எடையை ஊன்றி நடக்க வேண்டும். கோரைப்பல்லை அரத்தால் தேய்த்தவர்களும் உண்டு. இவ்வளவு செய்தும் இரண்டு வயது வாக்கில் பருவம் வந்ததும் விலங்கு வீட்டைத் தன் எல்லையாக்கிக்கொள்ளும். சுவர், மெத்தை, சில சமயம் வளர்த்தவர்மேலேயே சிறுநீர் பீய்ச்சும். தன் இரையைத் தொட வரும் கையைக் கிழிக்கும். அது பழிதீர்ப்பதல்ல, அந்த வயதில் தனித்து வாழும் பூனை செய்ய வேண்டியதையே செய்கிறது. கடித்துவிட்டாலோ நிலைமை முடிந்தது. காட்டுப்பூனை இனங்களுக்கு அமெரிக்காவில் அங்கீகரித்த வெறிநோய்த் தடுப்பூசி கிடையாது. சுகாதாரத் துறை கேட்டால் விலங்கைக் கொன்று மூளையைச் சோதிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்த பலர் கொல்லைப்புறத்தில் ஒரு கூண்டு அடித்துத் தள்ளிவிட்டார்கள். காட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தாலே பெரிது, கூண்டில் இருபதைத் தாண்டும், முப்பதைக் கடந்த பதிவும் உண்டு. அத்தனை ஆண்டும் அந்தக் கொல்லைப்புறத்தில்தான்.

வளர்த்தவர்களை இரக்கமற்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஆசை மிகப் பழையது. இல்லினாய் நதிக்கரையில் ஹோப்வெல் மக்கள் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய புதைமேடு ஒன்றை 1980களில் அகழ்ந்தபோது, மனிதர்களைப் புதைத்த இடத்திலேயே ஒரு சிறு விலங்கு கிடைத்தது. கழுத்தில் கடற்சிப்பி மணிகளும் கரடிப்பல் வடிவில் செதுக்கிய எலும்புத் தொங்கல்களும் கோத்த மாலை. நாய்க்குட்டி என்று எழுதி அருங்காட்சியகப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பெட்டியைத் திறந்த தொல்விலங்கியலாளர் ஏஞ்சலா பெர்ரி மண்டையோட்டைப் பார்த்ததுமே அது பூனை என்று கண்டார். சில மாதமே ஆன பாப்கேட் குட்டி. எலும்பில் வெட்டுக்காயம் இல்லை. 2015இல் ஆய்வு வெளிவந்தது. யாரோ அதை எடுத்து வளர்த்திருக்க வேண்டும், இறந்தபோது தங்கள் மனிதர்களோடு புதைத்திருக்க வேண்டும். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அந்தக் குட்டியும் ஒரு வயதை எட்டவில்லை என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது, ஆனால் ஒரே சீராக மாறவில்லை. 2001இல் டெக்சஸ் தன் ஆபத்தான காட்டுவிலங்குகள் பட்டியலில் சிங்கம், புலியோடு பாப்கேட்டையும் சேர்த்தது. வளர்ப்பவர் பதிவு செய்ய வேண்டும், ஒரு லட்சம் டாலர் காப்பீடு எடுக்க வேண்டும். 2006இல் அமெரிக்க மத்திய விவசாயத் துறை, உரிமம் பெற்றவர்கள் காட்டு ஊனுண்ணிகளின் நகத்தையும் பல்லையும் அகற்றுவது முறையான மருத்துவம் ஆகாது என்றது. 2015இல் கலிஃபோர்னியா பாப்கேட்டுக்குப் பொறி வைப்பதை முற்றாகத் தடுத்தது. ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் ஓரத்தில் பொறி கண்டு கொதித்த ஊர்மக்கள் தொடங்கிய போராட்டம் அது.

மத்திய சட்டத்தில்தான் ஓட்டை. 2003இல் வந்த சட்டமும், 2022 டிசம்பரில் கையெழுத்தான பெரும்பூனைச் சட்டமும் சிங்கம், புலி, சிறுத்தை, ஜாகுவார், சீட்டா, பூமா எனப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. பாப்கேட் அதில் இல்லை. அது சிறியது, ஏராளமாகவும் இருக்கிறது. 2010இல் வெளியான கணக்கு அமெரிக்காவில் மட்டும் 23 லட்சத்திலிருந்து 36 லட்சம் வரை இருக்கும் என்றது. ஆகவே ஒரு மாநிலத்தில் குற்றமானது எல்லை தாண்டினால் உரிமத்தோடு செய்யக்கூடியது. எத்தனை பாப்கேட் காட்டில் இருக்கிறது என்பது கூண்டில் இருக்கும் ஒன்றுக்கு எந்த வகையில் ஆறுதல் என்று எனக்கு விளங்கவில்லை.

நல்ல காப்பகங்களில் பராமரிப்பு முறையே வேறாகிவிட்டது. உயரத்தில் மரத்தட்டு, ஒளிந்துகொள்ள உள்ளீடற்ற கட்டை, யார் கண்ணிலும் படாமல் ஒரு நாள் முழுக்க இருக்க ஒரு மூலை. தீனி முழு எலி, முயல், காடை. பராமரிப்பவர் கூண்டுக்குள் விலங்கோடு சேர்ந்து நிற்பதில்லை. ஊசி போடுவதற்குக்கூட, கம்பிவலையோரம் விலாவைச் சாய்த்து நிற்க இறைச்சித்துண்டு காட்டிப் பழக்குகிறார்கள். தாயிழந்த காட்டுக்குட்டி வந்தால் புட்டியைக் கூடிய சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள். சில மையங்களில் முகத்தை மறைத்துக்கொண்டு, பேசாமல் தீனி வைக்கிறார்கள். வளர்ப்புத்தாயாக ஒரு பாப்கேட் இருந்தால் அதனிடம் விடுகிறார்கள். குட்டி மனிதனைப் பார்த்துச் சீறினால் அதுதான் அவர்களுக்கு நல்ல செய்தி.

தோற்றத்தைப் படிக்கும் விதமும் கூடவே மாறியது. முன்பு நிறத்தையும் மண்டையோட்டு அளவையும் வைத்துப் பன்னிரண்டு துணையினங்கள் வரை பிரித்திருந்தார்கள். மரபணு ஆய்வுக்குப் பின், 2017இல் பூனை நிபுணர் குழு அவற்றை இரண்டாகச் சுருக்கியது: அமெரிக்கப் பெருஞ்சமவெளிக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இடையில் உள்ள நிறபேதம் எல்லாம் படிப்படியாகக் கரைந்து மாறுவது, கோடு போட்டுப் பிரிக்க முடியாதது. கூண்டில் பிறந்தவற்றுக்கு அந்தக் கோடும் இல்லை. பல தலைமுறையாகக் கலந்து வளர்த்த வம்சத்தில் வந்த ஒரு விலங்கின் வெளுத்த வயிற்றைப் பார்த்து அதன் பாட்டி மொன்டானாக்காரி என்று சொன்னால் அது வெறும் ஊகம்தான்.

ஆனால் அதே புள்ளிகள் இப்போது வேறொரு வேலைக்கு வந்திருக்கின்றன. எந்த இரண்டு பாப்கேட்டுக்கும் முன்னங்காலின் உட்பட்டையும் விலாப்புள்ளியும் ஒன்றாக அமைவதில்லை. தானியங்கிக் கேமராவின் படத்தில் அதை ஒப்பிட்டு, போன மாதம் வந்ததுதானா இன்று வந்தது என்று ஆய்வாளர்கள் பிரித்தறிகிறார்கள். மயிர் உதிர்ந்து தோல் தடித்த முகத்தோடு ஒன்று நடந்தால் சொறிநோய் என்று தெரிகிறது. சான்டா மோனிகா மலைகளில் 2002 முதல் அந்த நோய் பரவி மடிந்த பாப்கேட்டுகளின் ஈரலில் எலிமருந்து இருந்தது. வீட்டில் எலிக்கு வைத்த விஷம் எலி வழியாகப் பூனைக்குப் போய் அதன் தடுப்புச் சக்தியைத் தின்றிருக்கிறது.

காட்டுச்சாயல் வேண்டும், காட்டுவிலங்கு வேண்டாம் என்பவர்களுக்கு இன்று பிக்ஸிபாப் இருக்கிறது. 1980களில் வாஷிங்டன் மாநிலத்தில் உருவான குட்டைவால் வீட்டுப்பூனை அது. பாப்கேட் ரத்தம் கலந்தது என்று தொடக்கத்தில் சொன்னார்கள், மரபணுச் சோதனையில் அப்படி எதுவும் அகப்படவில்லை. எனக்கு அதில் குறையே இல்லை. மடியில் படுக்கப் பிறந்த விலங்கு மடியில் படுக்கட்டும்.

ஃபுளோரிடாவின் டாம்பாவில் இருந்த பிக் கேட் ரெஸ்க்யூ என்ற காப்பகம் 1992இல் ஒரு பாப்கேட் குட்டியை ஏலத்தில் வாங்கியதிலிருந்து தொடங்கியது. அடுத்த ஆண்டு மினசோட்டாவின் தோல்பண்ணை ஒன்றிலிருந்து குட்டிகளை மொத்தமாக வாங்கி வந்தார்கள். வாங்கி வளர்ப்பதில் தொடங்கியவர்களே பின்னர் தனியார் வளர்ப்பை எதிர்த்து வாதாடி, 2022 சட்டத்துக்கு முன்னின்றார்கள். 2023இல் மீதமிருந்த பூனைகளை ஆர்க்கன்சாவின் டர்ப்பென்டைன் க்ரீக் காப்பகத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். புதிதாக வருவது குறைந்தால் இப்படி ஒரு காப்பகம் மூடுவது நல்ல அறிகுறி. பாப்கேட் விஷயத்தில் வருவது குறைய வழியில்லை, விற்பனைக்கு இன்னும் சில மாநிலங்களில் இடம் இருக்கிறதே. இந்த வசந்தத்தில் புட்டிக்குப் பழகும் குட்டி 2045இலும் உயிரோடு இருக்கலாம். அந்த வருடம் அதற்கு எலி வாங்கிப் போடப்போவது யார் என்று எழுதி வாங்காமல் எந்த வளர்ப்பாளரையும் விற்கவிடக் கூடாது. அடுத்த முறை மத்திய சட்டத்தைத் திருத்தும்போது பாப்கேட்டின் பெயரையும் அதில் எழுத வேண்டும்.