சுவிட்ச் யார் கையில்? – கரண்டை நிறுத்துவதும் மனித உரிமைக் கண்டனமும்

“உக்ரைன்ல கரண்டை நிறுத்தினா போர்க்குற்றம், காசாவுல நிறுத்தினா தற்காப்பா?” 2023 அக்டோபரிலிருந்து இந்தக் கேள்வி தமிழிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் பல நேரம் பதில் தெரிந்துகொள்ள யாரும் இதைக் கேட்பதில்லை, எதிரில் இருப்பவர் வாயை அடைக்கத்தான் கேட்கிறார்கள். அதனால் இந்த ‘இரட்டை அளவுகோல்’ குற்றச்சாட்டை எப்படிச் சோதிப்பது என்று பார்க்கலாம். உதாரணங்கள் நம் பக்கத்திலேயே கிடக்கின்றன.

முதலில் அந்த இரண்டு சம்பவங்கள். 2022 அக்டோபர் 10 முதல் ரஷ்யா உக்ரைனின் மின் நிலையங்களையும் துணை மின் நிலையங்களையும் ஏவுகணை வீசித் தாக்கியது. அக்டோபர் 19 அன்று ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன் இதைப் போர்க்குற்றம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றத்திலேயே சொன்னார். 2023 அக்டோபர் 9 அன்று இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சர் யோவ் காலண்ட் காசாவுக்கு முழு முற்றுகை அறிவித்தார்: கரண்டு கிடையாது, உணவு கிடையாது, எரிபொருள் கிடையாது. இந்த முறை ஆணையத் தலைவரிடமிருந்து அந்த வார்த்தை வரவில்லை. குற்றச்சாட்டு பிறந்தது இங்கேதான்.

ஆனால் ‘மேற்கு’ என்பது ஒரே வாய் கிடையாது. காலண்ட் அறிவித்த மறுநாளே, அதே ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுப் பொறுப்பாளர் ஜோசப் பொரெல், மக்களுக்குத் தண்ணீர், கரண்டு, உணவை நிறுத்துவது சர்வதேசச் சட்டத்துக்கு எதிரானது என்றார். சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் உக்ரைன் மின்கட்டமைப்புத் தாக்குதலுக்காக 2024 மார்ச்சில் இரண்டு ரஷ்யத் தளபதிகள் மீதும், ஜூனில் ஷொய்கு, கெராசிமோவ் மீதும் பிடியாணை போட்டது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நெதன்யாகு, காலண்ட் மீதும் போட்டது. அந்த அறிவிப்பில் உணவு, தண்ணீர், மருந்தோடு மின்சாரமும் எரிபொருளும் பேசப்படுகின்றன. இரட்டை அளவுகோல் இருக்கிறது, ஆனால் அதை எல்லார் தலையிலும் ஒரே மாதிரி கட்ட முடியாது.

இரண்டும் ஒன்றா என்றால், முழுக்க இல்லை. ஒன்று அடுத்தவன் மின் நிலையத்தை உடைப்பது. மற்றொன்று தன் கம்பியில் போகிற கரண்டை நிறுத்துவது. எதிரிக்குக் கரண்டு விற்க வேண்டிய கடமை என்ன என்பது இஸ்ரேலின் பழைய வாதம். 2008 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வரம்பில்லாமல் கொடுக்கத் தேவையில்லை என்று சொல்லி அரசின் குறைப்பை அனுமதித்தது. ஆனால் பல ஆண்டு ஆக்கிரமிப்பால் காசா இஸ்ரேல் கரண்டையே நம்பி இருப்பதால், அடிப்படை மனிதத் தேவைக்கானதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் சொன்னது. முழு முற்றுகை அந்த வரம்பையும் தாண்டியது.

இதிலிருந்து எல்லா இடத்துக்கும் பொருந்துகிற மூன்று கேள்விகளை எடுக்கலாம்.

ஒன்று: இது பற்றாக்குறையா, முடிவா? இரண்டு: நோக்கம் ஆயுதம் தாங்கியவனா, அவனைச் சுற்றி இருக்கிற ஊரா? நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 33ஆம் பிரிவு கூட்டுத் தண்டனையைத் தடை செய்வது இதற்காகத்தான். மூன்று: ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் வழி விட்டார்களா? 2017 ஒக்கிப் புயலில் கம்பங்கள் சாய்ந்து நாட்கணக்கில் இருட்டில் கிடந்த எங்க கருங்கல் பக்கத்துக்காரங்களுக்கு மூன்றாவதை விளக்க வேண்டாம். கரண்டு போனால் முதலில் தெரிவது இருட்டு இல்லை, டேங்கில் தண்ணீர் ஏறாததுதான்.

இனி நம் உதாரணங்கள். 1990இல் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு தேசிய மின்தொகுப்பிலிருந்து கரண்டு நின்றது. போரில் கம்பிகள் போனது ஒரு பகுதி. ஆனால் பெட்ரோல், பேட்டரி, யூரியா என்று போட்ட தடை தெரிந்தே எடுத்த முடிவு. மக்கள் ஜாம் போத்தலில் சிக்கன விளக்கு எரித்தார்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். பல ஆண்டு நீண்ட இந்த இருட்டுக்கு, உக்ரைனுக்கு எழுந்த குரலில் ஒரு பங்குகூட உலகத்தில் எழவில்லை.

ஆனால் அதே நாட்டில் 2006 ஜூலையில் புலிகள் திருகோணமலை மாவட்டத்தில் மாவிலாறு மதகை மூடினார்கள். தங்கள் பகுதிக்குக் குடிநீர்த் திட்டம் மறுக்கப்படுகிறது என்பது சொன்ன காரணம். தண்ணீர் நின்றது சுமார் 15,000 குடும்பங்களுக்கு, சிங்களவர், முஸ்லிம், தமிழர் எல்லாரும் அதில் உண்டு. கொழும்பு அதை மனித உரிமை மீறல் என்றது, சரிதான். மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 11 அன்று, சண்டை மூண்டு முகமாலையில் ஏ9 பாதை மூடியது. குடாநாட்டு மக்கள் எரிபொருளுக்கும் அரிசிக்கும் கப்பலை எதிர்பார்த்து நிற்க வேண்டி வந்தது. அதற்குக் கொழும்பு வைத்த பெயர் பாதுகாப்பு. நம்மில் பலர் இதையே தலைகீழாகச் செய்தோம்: ஏ9 பற்றிப் பேசினோம், மாவிலாற்றைப் போர்த் தந்திரம் என்று விட்டுவிட்டோம். மதகு யார் கையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் இரண்டு பக்கமும் பெயர் வைத்தது.

இன்னும் பக்கத்தில், எங்க மாவட்ட எல்லையைத் தாண்டினால் இடிந்தகரை. 2012 மார்ச் 19 அன்று தமிழக அரசு கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு ஒப்புதல் தந்ததும் ராதாபுரம் தாலுகாவில் 144 தடையுத்தரவு வந்தது. சாலைகளை போலீஸ் அடைத்தது. பால், தண்ணீர், கரண்டு ஊருக்குள் வராமல் தடுக்கப்படுகிறது என்று ஊர் மக்களும் போராட்டக் குழுவும் சொன்னார்கள். அப்போது சென்னைக்கு அறிவிக்கப்பட்ட மின்வெட்டு 2 மணி நேரம், மற்ற ஊர்களுக்கு 4 மணி நேரம், நடந்தது அதைவிடப் பல மடங்கு. இந்த மின்வெட்டு முதல் கேள்வியில் ‘பற்றாக்குறை’ பக்கம் விழும். பங்கிட்டது அநியாயம், தண்டனை அல்ல. இடிந்தகரையில் நடந்ததாகச் சொல்லப்பட்டது வேறு. போராடுகிறவர்களோடு சேர்த்து, கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கிற ஊரையே அடைப்பது. ஆனால் “கரண்டு வேணும்னா இவங்களை அடக்கணும்” என்று டீக்கடையில் பேசியவர்கள் கொஞ்ச பேர் இல்லை. அதில் யாழ்ப்பாணத்துக்காகக் கண்கலங்கியவர்களும் உண்டு.

இதைச் சொல்வது காசாவைப் பற்றிப் பேசாதே என்பதற்காக இல்லை. “அப்போ எங்கே போனீங்க?” என்ற கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். அன்றைக்கு விட்டது போல இன்றைக்கும் விடு என்பது ஒன்று. இன்றைக்குச் சொன்ன அளவை அன்றைக்கும் போடு என்பது இன்னொன்று. முதலாவதில் சுவிட்ச் கையில் உள்ளவனுக்கு மட்டும்தான் லாபம். இந்தியா, இலங்கை, இஸ்ரேல் மூன்றுமே மக்களின் உயிர்வாழ்வுக்கான பொருட்களைப் பாதுகாக்கும் 1977 கூடுதல் நெறிமுறைகளில் சேராத நாடுகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது பதில் நமக்கு ஏன் தேவை என்பது புரியும். அடுத்த முறை எங்காவது ஒரு ஊருக்குக் கரண்டோ தண்ணீரோ நின்றால், நிறுத்தியது யார் என்று பார்க்கும் முன்னால் இந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.