கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் எவ்வளவு தூரம்?

பேட்டையில் பஸ் ஏறினால் ஜங்ஷன் ஆபீஸுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால், கட்டிலிலிருந்து பாத்ரூம் போக எனக்கு ஒன்றரை மணி நேரம்! காரணம், மனச்சோர்வு.

"ஏல, ரெண்டு வருஷமா மாத்திரை முழுங்குதியே, இன்னுமா சரியாவல? குத்தாலத்துல போயி குளி!" என்றார் டீக்கடை அண்ணாச்சி. குளித்தேன். ஜலதோஷம்தான் பிடித்தது.

இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், போதுமான நாள் சாப்பிட்டும் பலனில்லையென்றால், அது சிகிச்சைக்கு அடங்காத மனச்சோர்வாம். 'கோளாறு என்கிட்டதானோ?' என்று குமைந்தேன். 2006-ல் வெளியான அமெரிக்காவின் 'ஸ்டார்-டி' ஆய்வில், முதல் மருந்திலேயே முழுக்கத் தேறியவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மருந்தை மாற்றிப் பார்த்ததில் இன்னும் பலர் தேறினார்கள்.

டாக்டர் தைராய்டைச் சோதித்தார். ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்து லித்தியம் சேர்த்தார். "கரண்ட் வைத்தியமும் இருக்கு. சினிமாவுல காட்டுற மாதிரி இல்ல. மயக்க மருந்து இல்லாம கொடுக்கக் கூடாதுன்னு 2017-லயே சட்டம் வந்தாச்சு" என்றார்.

ஒரு ராத்திரி, செத்துப்போகலாம் என்று தோன்றியது. பயந்துபோய் 14416-க்கு போன் போட்டேன். அரசாங்கத்தின் 'டெலி மானஸ்', இலவசம். தமிழிலேயே பேசினார்கள். விடிந்துவிட்டது.

முழுசாகத் தேறவில்லை. ஆனால், நேற்று பாத்ரூம் போக நாற்பதே நிமிஷம்! அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அப்ப இன்னைக்கு டீ என் கணக்குல!"