கோர்ட்டு வகுத்ததும் பார்லிமெண்டு ஏற்றதும்

கோயமுத்தூர்ச் சிறையில் வ. உ. சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்த வரலாற்றைக் கொங்கு நாட்டில் அறியாதார் இலர். அவர் கைதான 1908-ல் அமலிலிருந்தது 1898-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டம். பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டுமென்று அச்சட்டமே விதித்திருந்தது. ஆனால் "என் மகன் எங்கே?" என்று தவிக்கும் தாய்க்கு யார் பதில் சொல்வது என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. சுயராஜ்யம் வந்து, 1973-ல் புதுச் சட்டம் செய்த பிறகும் அந்த மௌனம் நீடித்தது.

அதைக் கலைத்தது சுப்ரீம் கோர்ட்டு. வங்காளத்தில் சட்ட உதவிச் சங்கத் தலைவராயிருந்த டி. கே. பாசு, லாக்கப் மரணங்களைக் குறித்து 1986-ல் பிரதம நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே மனுவாயிற்று. 1996 டிசம்பர் 18-ந் தேதி பிறந்த தீர்ப்பு 11 விதிகளை வகுத்தது. கைது செய்யும் போலீஸார் பெயர் தெரியும்படி அணிய வேண்டும். நேரமும் தேதியும் கண்ட கைதுக் குறிப்பில் உறவினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். விசாரணையின்போது வக்கீலைக் காணலாம். திருநெல்வேலியிலிருந்து திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு வந்தவர் கைதானால், 8 முதல் 12 மணி நேரத்துக்குள் ஊரிலுள்ள உறவினருக்குத் தந்தி மூலம் தெரிவிக்க வேண்டும். தந்தி 2013-ல் மறைந்துவிட்டது, விதி மறையவில்லை!

சட்டம் வரும் வரையில் இவை செல்லும் என்றது கோர்ட்டு. சட்டம் செய்வது நீதிபதிகளின் வேலையா என்று கேட்போர் உண்டு. பார்லிமெண்டு உறங்கினால் வேறு யார் செய்வது என்றே நாம் கேட்கிறோம். பெரும்பாலான விதிகளை ஏற்ற திருத்தச் சட்டம் 2010 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. 14 வருஷம், ஸ்ரீராமரின் வனவாச காலம்! 2024 ஜூலை 1 முதல் அமலாகும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 36 முதல் 38 வரையுள்ள பிரிவுகளாக அவை இடம் பெற்றன.

ஆயினும் ஒன்று விட்டுப் போயிற்று. காவலிலிருப்பவரை 48 மணிக்கு ஒரு முறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்பது கோர்ட்டின் விதி. சட்டமோ கைதானவுடன் ஒரு பரிசோதனை, பிறகு டாக்டர் அவசியமென்று கருதினால் இன்னொன்று என்பதோடு நின்றது. போலீஸ் காவல் 15 நாள் வரை நீடிக்கலாம். இப்பொழுது அதைப் பகுதி பகுதியாகவும் வாங்கலாம். முதல் நாள் சான்றிதழ் பத்தாம் நாள் காயத்தை எங்ஙனம் காட்டும்? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் நிலையத்தில் அடிபட்டபின், டாக்டர் சான்றிதழோடுதான் கோவில்பட்டிச் சிறைக்கு அனுப்பப்பட்டு மாண்டனர். ஆதலால் சான்றிதழ் மட்டும் போதாதென்பதும் மெய்யே. ஆனால் இரண்டு நாளைக்கொரு முறை வேறொரு கண் பார்க்குமென்றால் ஓங்கிய கை சற்றே தயங்குமல்லவா? 1996-ம் வருஷத்துத் தீர்ப்பு ரத்தாகவில்லை. வக்கீல்கள் இந்த விதியை இன்றும் கேட்டு வாங்கலாம்.

37-ம் பிரிவின்படி, கைதானோரின் பெயரும் விலாசமும் குற்றமும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். விவரம் சொல்ல ஓர் அதிகாரியும் இருக்க வேண்டும். கோவை, ஈரோடு, பொள்ளாச்சி நேயர்கள் ஸ்டேஷன் வாசலைக் கடக்கும்போது அந்தப் பலகை இருக்கிறதா என்று பார்த்து வரலாம்.