மருந்து பூசிய ஸ்டென்ட்

காஞ்சியில் வாழும் நமக்குச் சாயத்தின் அருமை தெரியும். எத்தனை முறை நனைத்தாலும் சாயம் போகாத பட்டே நல்ல பட்டு என்பர் நம் பெரியோர். ஆனால், மேலே பூசியது மெல்ல மெல்ல வெளியேறுவதையே சிறப்பாகக் கொண்ட பொருள் ஒன்றும் உண்டு. அதுதான் இதய நோயாளிகளின் உயிர் காக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட். அதைப் பற்றிச் சிறிது காண்போம்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களில் கொழுப்புப் படிந்தால் வழி குறுகும், நெஞ்சு வலிக்கும். 1977ஆம் ஆண்டு சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் என்னும் மருத்துவர், மெல்லிய குழாயின் நுனியில் சிறு பலூனைப் பொருத்தி உள்ளே செலுத்தினார். அடைப்புள்ள இடத்தில் பலூனை விரித்து வழியைத் திறந்தார். ஆயினும், திறந்த வழி பலருக்கு மீண்டும் சுருங்கியது. அதைத் தாங்கிப் பிடிக்க 1986இல் உலோகத்தாலான வலைக்குழாய் பயனுக்கு வந்தது. அதுவே ஸ்டென்ட். நம் நாட்டிலும் 1990களில் டாக்டர் அப்துல் கலாமும் ஐதராபாத் இதய மருத்துவர் சோமராஜுவும் இணைந்து, குறைந்த விலையில் 'கலாம் - ராஜு ஸ்டென்ட்' என்பதை உருவாக்கினர்.

எனினும் ஒரு சிக்கல் எஞ்சியது. ஸ்டென்ட் விரியும்போது இரத்தக் குழாயின் உட்சுவரில் காயம் ஏற்படுகிறது. காயத்தை ஆற்ற உடல் புதிய தசையை வளர்க்கிறது. அவ்வளர்ச்சி அளவு மீறினால் வழி மறுபடியும் அடைபடும். வெறும் உலோக ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 பேருக்கு இவ்வாறு நேர்ந்தது.

இதற்கு மருந்து கிடைத்த கதை விந்தையானது. 1964இல் பசிபிக் கடலிலுள்ள ஈஸ்டர் தீவுக்குச் சென்ற கனடா நாட்டுக் குழுவினர் அத்தீவின் மண்ணை எடுத்து வந்தனர். அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து ஒரு மருந்தைப் பிரித்தெடுத்த ஆய்வுக்கு, பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேந்திரநாத் சேகல் தலைமை தாங்கினார். தீவின் பெயரான ராப்பா நூயியை ஒட்டி அதற்கு 'ராப்பாமைசின்' என்று பெயர் வைத்தனர். இடையில் ஆய்வு நிறுத்தப்பட்டபோது, அவர் அந்த நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்! உயிரணுக்கள் பெருகுவதை அடக்கும் ஆற்றல் அம்மருந்துக்கு உண்டு.

சரிகையில் வெள்ளியின் மேல் தங்கம் பூசுவது போல, உலோக வலையின் மேல் பாலிமர் என்னும் பொருளோடு மருந்தைக் கலந்து பூசினர். பூச்சின் கனம் தலைமயிரின் கனத்தைவிட மிகக் குறைவு. மருந்து ஒரேயடியாக வெளிப்பட்டால் இரத்தத்தோடு போய்விடும். தாமதித்தால் அதற்குள் தசை வளர்ந்துவிடும். ஆகவே பாலிமர் அதைச் சிறிது சிறிதாக விடுகிறது. 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் ஸ்டென்ட்டில், மருந்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு 30 நாள்களில் வெளியேறும். மறு அடைப்பும் வெகுவாகக் குறைந்தது. 2017 பிப்ரவரியில் நம் அரசு இதன் உச்ச விலையை 29,600 ரூபாய் என வரையறுத்ததால், எளியோரும் பயன்பெற வழி பிறந்தது.

ஆனால், நன்மை செய்யும் அதே மருந்து, உலோகத்தின் மேல் இயற்கையான உட்தோல் மூடுவதையும் தாமதப்படுத்துகிறது. மூடாத உலோகத்தின் மேல் இரத்தம் உறையலாம். அது உயிருக்கே ஆபத்து. இதனால்தான் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு இரத்த உறைவைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையையும் மருத்துவர் பல மாதங்களுக்குத் தருகிறார். "வலிதான் போய்விட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்று நம் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ கேட்கக்கூடும். பல் பிடுங்குவதற்காகச் சிலர் தாமாகவே நிறுத்திவிடுவதும் உண்டு. மருத்துவரைக் கேளாமல் ஒரு நாளும் நிறுத்தலாகாது என்று அவர்களுக்கு அன்போடு எடுத்துச் சொல்வோம். வேளை தவறாமல் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் நம் கடமையே. கற்ற அறிவியல் வீட்டிற்குப் பயன்பட வேண்டாமா?