புழுதி விதைப்பு: ஒரு போகத்துக்கு ஒரு மாற்றம் போதும்

கோவில்பட்டி கரிசலில் மானாவாரி செய்பவர்களுக்கு ஆண்டில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வாய்ப்புதான். ஆண்டு மழை சுமார் 700 மி.மீ. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடும். முதல் நல்ல மழை பெய்ததும் மண் சேறாகிக் காலை இழுக்கும்; மாடோ டிராக்டரோ பல நாள் உள்ளே இறங்க முடியாது. காத்திருந்து விதைத்தால், மார்கழியில் மழை நின்று, கதிர் பிடிக்கிற நேரத்தில் பயிர் வாடும்.

இதற்காகத்தான் 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் புழுதி விதைப்பைப் பரிந்துரைக்கிறது. பருவமழைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே, புரட்டாசியில், காய்ந்த மண்ணில் விதைப்பது. சோள விதை 5 செ.மீ. ஆழத்தில் விழ வேண்டும். தூறல் அங்கே எட்டாது. மண் நன்கு நனைந்தால்தான் முளைக்கும். மேலாகக் கிடக்கும் விதையோ தூறலில் முளைத்துக் கருகிவிடும். கையால் தூவிவிட்டு, "நமக்கு ஒத்துவராது" என்று கைவிட்டவர்கள் பலர். கோளாறு முறையில் இல்லை, ஆழத்தில்.

ஐந்து ஏக்கர் இருந்தால் முதல் ஆண்டு ஒரு ஏக்கரில் மட்டும் விதைக்கும் கருவி கொண்டு செய்து பாருங்கள். மற்றது பழையபடியே இருக்கட்டும். விதைத்த தேதி, மழை பெய்த நாள், முளைப்பு, செலவு, மகசூல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். நட்டத்தையும்தான். அடுத்த ஆண்டு விதையைக் கடினப்படுத்துங்கள்: லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கலந்து, சோள விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். மூன்றாம் ஆண்டு உளிக்கலப்பை உழவு. எல்லாவற்றையும் ஒரே போகத்தில் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது.

ஒன்றை மட்டும் தனியாளாகச் செய்ய முடியாது. ஊரில் ஒருவர் மட்டும் பிந்தி விதைத்தால் குருத்து ஈ அவர் சோளத்தில் வந்து விழும். ஒருவர் கதிர் மட்டும் முந்தி முற்றினால் குருவிக்கூட்டம் அங்கேதான் இறங்கும். அதனால் பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் பேசி ஒரே வாரத்தில் விதைப்பது நல்லது. அறுவடை முடிந்ததும் ஒரு சாயங்காலம் நோட்டுகளோடு உட்காருங்கள். நட்டப்பட்டவரை முதலில் பேச விடுங்கள். மற்றவர்களுக்கு அதிகம் தெரியவருவது அவரிடம்தான்.

விதைக்கும் கருவிக்கு ஆவணியிலேயே சொல்லி வையுங்கள். புரட்டாசியில் எல்லோருக்கும் ஒரே நாளில் தேவைப்படும்.