கால்சியம் இருந்தால்தான் ஒட்டும்

1970களில் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோருக்கு ஆராய்ச்சி செய்யப் போனார் மசடோஷி டகேய்ச்சி. கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறையில் இடம் கிடைத்தது. வேலையும் பழகிய வேலைதான். தட்டில் வளர்ந்த செல்களை டிரிப்சின் என்ற நொதியால் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். அவை மறுபடி எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும். ஆனால், கியோட்டோவில் ஒட்டியதுபோல் செல்கள் இங்கே ஒட்டவில்லை.

வித்தியாசம் டிரிப்சின் கரைசலில் இருந்தது. பால்டிமோர் கரைசலில் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தையும் சேர்த்திருந்தார்கள். கியோட்டோவில் அந்தப் பழக்கம் இல்லை. இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் கிடைக்காதபோது, செல்லின் மேற்பரப்பில் இருந்த ஏதோ ஒரு புரதத்தை டிரிப்சின் சிதைத்துவிட்டது. கால்சியம் இருந்தபோது அதே புரதத்தை டிரிப்சினால் அசைக்க முடியவில்லை. இரண்டு ஊரிலும் ஒரே கரைசலைப் பயன்படுத்தியிருந்தால் இந்த விஷயம் இன்னும் எத்தனை வருடம் கண்ணில் படாமல் இருந்திருக்குமோ!

அந்தப் புரதத்துக்கு 1984இல் கேட்ஹெரின் என்று பெயர் வைத்தார்கள். 1987இல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து, ஒன்றோடொன்று ஒட்டும் வழக்கமே இல்லாத ‘எல்’ வகை எலி செல்களுக்குள் செலுத்தினார்கள். அவை நெருக்கமாகக் கூட்டம் சேர்ந்தன. ஒட்டவைப்பது இந்தப் புரதம்தான் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

கேட்ஹெரின் பெரிய குடும்பம். அதில் தோல், குடல், மார்பகக் குழாய்களின் செல்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது இ-கேட்ஹெரின். ஆராய்ச்சியாளர்கள் இன்று இதைச் சிறு குப்பிகளில், உறையவைத்து உலர்த்திய தூளாக விலைக்கு வாங்குகிறார்கள். பெரும்பாலும் ஒரு குப்பியில் 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கண்ணுக்குத் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

இது உடலிலிருந்து பிழிந்து எடுத்தது அல்ல. மறுசேர்க்கை முறையில் செய்தது. இயற்கையில் இந்தப் புரதத்தின் ஒரு பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நடுப்பகுதி செல் சவ்வில் பதிந்திருக்கும், வால் உள்ளே இருக்கும். தயாரிப்பாளர்கள் வெளிப்பகுதிக்கான மரபணுத் துண்டை மட்டும் எடுத்து, மனித சிறுநீரகத்திலிருந்து வந்த ஹெச்.இ.கே. 293 போன்ற வளர்ப்பு செல்களுக்குள் வைக்கிறார்கள். சவ்வில் பதியும் பகுதி இல்லாததால் புரதம் வெளியே வந்து வளர்ப்புத் திரவத்தில் கலந்துவிடும். பல நேரம் அதன் பின்முனையில் ஆன்டிபாடியின் எஃப்.சி. என்ற துண்டையும் இணைப்பார்கள். எஃப்.சி. துண்டுகள் இரண்டிரண்டாகச் சேரும் குணமுள்ளவை என்பதால் கேட்ஹெரினும் ஜோடியாக வந்து சேரும்; சுத்திகரிப்பதும் சுலபம்.

பாக்டீரியாவில் மலிவாகச் செய்துவிடலாமே என்றால், முன்முனை எளிதில் இடம் கொடுக்காது. இ-கேட்ஹெரினின் இரண்டாவது அமினோ அமிலம் டிரிப்டோஃபேன். எதிர் செல்லின் கேட்ஹெரினில் உள்ள ஒரு குழிக்குள் இது போய் அமர்கிறது. எதிர்த்தரப்பின் டிரிப்டோஃபேன் இங்கே வந்து அமர்கிறது. இரண்டு பேர் விரல்களைக் கோத்துக்கொள்வது போலத்தான். செல்லுக்குள் உருவாகும்போது புரதத்தின் முன்னால் ஒட்டியிருக்கும் ஒரு துண்டு சரியான இடத்தில் வெட்டுப்பட வேண்டும். ஓரிரு அமினோ அமிலம் கூடுதலாகத் தங்கிவிட்டாலும் பிடிப்பு கெட்டுவிடும். சுத்தமான புரதம் குப்பியில் இருக்கும்; ஆனால் ஒட்டாது.

கால்சியம் விஷயமும் அப்படியே. வெளிப்பகுதியில் வரிசையாக ஐந்து அலகுகள். அடுத்தடுத்த அலகுகள் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் மூன்று கால்சியம் அயனிகள். அவை இருந்தால்தான் புரதம் விறைப்பாக நிற்கும். கால்சியம் இல்லாத உப்புக் கரைசலால் புரதம் பூசிய தட்டைக் கழுவிவிட்டு, செல் ஒட்டவில்லையே என்று புரதத்தின்மீது பழி போடுவதில் நியாயமில்லை.

இப்படிச் செய்த புரதத்தால் கண்ட பயன் என்ன? ஒரு உதாரணம் போதும். எலியின் கரு மூலச்செல்கள் தட்டில் குவியல் குவியலாகத்தான் வளரும். குவியலின் நடுவில் இருக்கும் செல்லுக்கும் ஓரத்தில் இருக்கும் செல்லுக்கும் ஒரே சூழல் கிடைக்காது. டோஷிஹிரோ அகாய்கேவின் குழு 2006இல் இ-கேட்ஹெரின்–எஃப்.சி. பூசிய தட்டில் அவற்றை வளர்த்தது. செல்கள் பக்கத்துச் செல்லை விட்டுவிட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாகப் பரவின. மூலச்செல்லின் குணமும் போகவில்லை.

குப்பி வாங்கும்போது அது எந்த உயிரினத்தின் புரதம் என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. கிருமி கலந்த பாலாடைக்கட்டி போன்ற உணவுகள் வழியாக வந்து, கர்ப்பிணிகளின் கருவையே பாதிக்கக்கூடிய லிஸ்டீரியா பாக்டீரியா, மனிதக் குடல் செல்லுக்குள் நுழைய இ-கேட்ஹெரினைத்தான் பிடித்துக்கொள்கிறது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பாஸ்கல் கோசார் குழு இதை 1996இல் கண்டுபிடித்தது. ஆனால் எலியின் இ-கேட்ஹெரினை அதனால் பிடிக்க முடியவில்லை. மனிதப் புரதத்தில் 16ஆவது இடத்தில் புரோலின். எலியில் அதே இடத்தில் குளுட்டாமிக் அமிலம். அந்த ஒன்றை மாற்றினாலே கதை மாறிவிடுகிறது என்று 1999இல் தெரிந்தது. 2001இல், குடல் செல்களில் மனித இ-கேட்ஹெரின் உள்ள எலிகளை உருவாக்கி, வாய்வழியாக லிஸ்டீரியாவைக் கொடுத்தபோது, அது அவற்றின் குடல் சுவரைத் தாண்டியது.